சேறும் கடல்தான்

(பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடற்கரைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு நண்பர் கேட்டார்: "லங்காவியா, பங்கோரா?" இரண்டும் இல்லை ஐயா, சிலாங்கூர்க் கடற்கரை என்றேன். அவர் முகம் சற்று வாடிவிட்டது. இருந்தாலும் நாகரிகமானவர், உள்ளே வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் எங்கே போகின்றன? கையில் காசிருந்தால் பாலி, புக்கெட். கொஞ்சம் குறைந்தால் லங்காவி. இன்னும் இறுக்கமென்றால் போர்ட் டிக்சன். சிலாங்கூர்க் கரையிலுள்ள மோரிப்புக்கு யாரும் சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 'சும்மா' போவார்கள். போய்ப் பார்த்தால் கடலைக் காணோம். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சேறு. அதற்கும் அப்பால் ஒரு கோடு மினுக்குகிறது, அதுதான் கடலாம். மணல்வீடு கட்ட வாளி கொண்டுவந்த பிள்ளைகள் விழிப்பார்கள். ஆளுக்கு இரண்டு பீசாங் கோரேங் தின்றுவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். "ஒண்ணும் இல்லப்பா, ஒரே சேறு." இதுதான் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யத்தான் நான் வந்திருக்கிறேன்.

சேறு ஏன் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நமக்கு மேற்கே மலாக்கா நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் சுமத்ரா. இந்தியப் பெருங்கடலில் எழும் பெரிய அலைகளைச் சுமத்ரா தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வந்து சேர்வது சிற்றலைதான். மணலை அலசி அலசி வெள்ளையாக்குவதற்கு முரட்டு அலை வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆறு கொண்டுவரும் வண்டல் கரையோரமே படிந்துவிடும். சிலாங்கூர் ஆறு, கிள்ளான் ஆறு, லங்காட் ஆறு ஆகிய மூன்றும் மலைநாட்டு மண்ணை இங்கேதான் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஈயம் தோண்டிய காலத்தில் கொட்டியது இன்னும் அதிகம்.

அலைதான் சிறிது, ஓதம் பெரிது. நீரிணை வடக்கே அகன்றும் தெற்கே ஒடுங்கியும் கிடப்பதால் உள்ளே புகும் நீர் நெருக்குண்டு உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் துறைமுகத்தில் நீர் வற்றிய மட்டத்துக்கும் ஏறிய மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். சென்னை மெரினாவில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். தரை தட்டையாக இருந்து, நீர் நான்கு மீட்டர் இறங்கினால் என்ன ஆகும்? கடல் நம்மைவிட்டு வெகுதூரம் நடந்து போய்விடும். ஆறு மணி நேரத்தில் நடந்தே திரும்பியும் வரும். மோரிப்பில் கடலைக் காணோம் என்றவர்கள் தவறான நேரத்தில் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் சொல்வேன், அவர்கள் போனதுதான் சரியான நேரம். அந்த ஆறு மணி நேரம் கடலின் அடித்தரை நமக்குத் திறந்து கிடக்கிறது. எந்தப் பவளத்தீவிலும் மூச்சுக்குழாய் கட்டிக்கொண்டு குதிக்காமல் இது கிடைக்காது.

என்ன இருக்கிறது அந்தச் சேற்றில்? குனிந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு வளைகளின் வாயில் ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஆட்டும் சிறு நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடம்பளவு பெரியது. பெண்ணைக் கூப்பிடுவதும் பகைவனை மிரட்டுவதும் அதே கையசைப்பில்தான். நம் அரசியல்வாதிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே, தலைமேல் கண் துருத்திய ஒரு மீன் செவுளில் ஈரத்தைச் சேமித்துக்கொண்டு சேற்றின்மேல் துள்ளி நடக்கும். மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்கள். தண்ணீருக்கு வெளியே வாழக் கற்ற மீன் அது. நீர் ஏறினால் கண்டல் வேரைப் பிடித்து மேலே ஏறிக்கொள்ளும்.

நம் முன்னோர் இந்தக் காட்சியைக் கண்டு முகம் சுளித்திருக்க மாட்டார்கள். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் மணலும் புன்னையும் மட்டுமா வருகின்றன? கழி வருகிறது. கழியோரம் கண்டல் வருகிறது. வளைக்குள் ஓடும் அலவன் வருகிறது. உப்பளம், உமணர் வண்டி, காயும் மீனின் நாற்றம், தாழை வேலி, தலைவனின் தேரை மறித்துக் கிடக்கும் உப்பங்கழி எல்லாம் வருகின்றன. அது வேலை நடக்கும் கரை, மனிதர் பிழைக்கும் கரை. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்வு நாற்காலி என்ற படத்தைச் சுற்றுலா நிறுவனங்கள் நம் கண்ணில் ஒட்டியது நேற்று முந்தாநாள். இரண்டாயிரம் ஆண்டாக நமக்கு வேறு ஒரு கண் இருந்திருக்கிறது. அதைத்தான் திரும்ப மாட்டிக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, எப்படிப் போவது? இந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கே.எல். சென்ட்ரல். அங்கே கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ஏறுங்கள். கடைசி நிலையம்வரை உட்கார்ந்தே போகலாம். கார் உள்ளவர்களும் ஒருமுறை இந்த ரயிலில் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இந்த நாட்டுக்குள் வந்த வழி இது. வந்த திசைக்கு எதிராக ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடாவரை ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது துறைமுகம் ஆற்றுக்குள், கிள்ளான் நகரத்திலேயே, பெங்காலான் பத்துவில் இருந்தது. ஆறு தூர்ந்து கப்பல் வரச் சிரமப்பட்டதால் கடல்முகத்துக்கே போனார்கள். 1901 செப்டம்பர் 15ஆம் நாள், இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இடத்தை ஏன் அங்கே தேர்ந்தார்கள்? முன்னால் கண்டல் காடு அடர்ந்த தீவுகள் வரிசையாக நின்று காற்றையும் அலையையும் மறித்துக்கொண்டிருந்தன. இன்று 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 20 அடிக் கொள்கலன் அளவில், ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களைக் கையாளும் உலகத் துறைமுகம் அது. அதற்கு இயற்கை கட்டிக்கொடுத்த தடுப்புச் சுவர் அந்தச் சேற்றுத் தீவுகள்தான்.

திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. மலேரியா. சுற்றிலும் சதுப்பு, சதுப்பு முழுக்கக் கொசு. அலுவலர்களும் கூலிகளும் கொத்துக் கொத்தாய் விழுந்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நம்பினார். கான் வெட்டி, வரப்பு எழுப்பி, தேங்கிய நீரை வடித்தார். நோய் சட்டென்று இறங்கியது. உலகத்தில் மலேரியா ஒழிப்பு வேலை வெற்றி கண்ட முதல் சில இடங்களில் நம் கிள்ளானும் துறைமுகமும் உண்டு. வாட்சனின் பெயர் மருத்துவ வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்தக் கான்களில் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி போட்டவர்களின் பெயர்களை நான் எங்கும் பார்த்ததில்லை.

அதே துறையில்தான் நம் ஆட்கள் இறங்கினார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறி, பினாங்கைத் தொட்டு, இங்கே வந்து, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு கங்காணியின் பின்னால் தோட்டத்துக்குப் போனவர்கள். 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பலின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களைத் திரட்டி அனுப்புவதை நிறுத்தியது. ஆனாலும் உறவுக்காரர்களும் கடைக்காரர்களும் கப்பலில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அந்த இறங்குதுறையில் அவர்கள் முதலில் பார்த்தது கண்டல் காடு. சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. பிச்சாவரத்திலும் அதே வேர்கள்தான் நீரில் கால் ஊன்றி நிற்கின்றன.

(அவையில் சலசலப்பு. ஒரு பெரியவர் எழுந்து, "ரஜூலாவில் நான் வந்தேன்" என்கிறார். கைதட்டல்.)

வணங்குகிறேன் ஐயா. கூட்டம் முடிந்ததும் உங்களிடம் பேச வேண்டும், போய்விடாதீர்கள்.

ரயிலை விட்டு இறங்கினால் படகுத்துறை சில நிமிட நடை. அங்கிருந்து பூலாவ் கெத்தாம், நம் மக்கள் சொல்லும் நண்டுத் தீவு. தீவு என்றால் மண் இருக்க வேண்டுமே? இல்லை. ஊர் முழுக்க மரக்கால்களில் நிற்கிறது. வீடு, கடை, பள்ளிக்கூடம், சீனக் கோயில் எல்லாம் கால்மேல்தான். நீர் ஏறும்போது வீட்டுக்கு அடியில் கடல், இறங்கும்போது சேறு. ஹொக்கியனும் தியோச்சியூவும் பேசும் சீன மீனவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்கள். கார் கிடையாது, மோட்டார் வண்டிச் சத்தம் கிடையாது. சைக்கிளும் மின்சார சைக்கிளும்தான். நண்டு சாப்பிடப் போகிறவர்கள் சாப்பிட்டதும் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது: சாப்பிட்டபின் பின்பக்கத் தெருக்களுக்குள் நடங்கள். வலை கோக்கும் திண்ணைகளையும், மீன் காயும் பலகைகளையும், பிளாஸ்டிக் ஒதுங்கிய சேற்றையும் சேர்த்தே பாருங்கள். நம் ஆறு கொண்டுபோய்ச் சேர்த்த குப்பைதான் அது. கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகத்தானே போகிறது.

இப்போது நான் அதிக நேரம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். கேரித் தீவு.

லங்காட் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது. இப்போது பாலம் இருப்பதால் தீவு என்றே தெரியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் பெயரால் வழங்கத் தொடங்கியது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. தோட்டம் போட்ட நிலம் பெரும்பாலும் உயர் ஓத மட்டத்துக்குக் கீழே. சுற்றிலும் மண்கரை எழுப்பிக் கடலை வெளியே நிறுத்தினார்கள். மடைக்கதவுகள் நீர் வற்றும்போது திறந்து உள்நீரை வெளியே விடும், ஓதம் ஏறும்போது மூடிக்கொள்ளும். தினமும் இரண்டு வேளை இந்தத் திறப்பும் அடைப்பும் நடந்தால்தான் செம்பனை நிற்கும். ஹாலந்து நாட்டைப் பற்றி வியந்து படிக்கிறோம். பக்கத்திலேயே நம் ஆட்கள் வெட்டிய கான்களும் கட்டிய கரைகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பதைப் போய்ப் பார்த்ததில்லை.

அந்தக் கரைக்கு உள்ளே லயங்களில் தமிழர்கள். கரைக்கு வெளியே, கண்டல் ஓரத்தில், மா மெரி மக்கள். தீபகற்பத்தின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர். அவர்கள் பேசும் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேசுவோர் குறைந்து, அழியும் நிலையிலுள்ள மொழிகளில் ஒன்றாகிவிட்டது. கடலும் கழியும்தான் அவர்கள் வாழ்க்கை. ஒரு தீவில் இரண்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக அருகருகே இருந்தார்கள். ஒருவரை ஒருவர் எவ்வளவு தெரிந்துகொண்டோம்? நம் தோட்டத்து ஆட்களும் அந்நாளில் மற்றவர்களோடு சேர்ந்து அவர்களை இழிவான பெயரால் அழைத்தவர்கள்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மா மெரி மக்களின் மரச்சிற்பங்களுக்கு யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்திருக்கிறது. அவர்கள் செதுக்கும் மரம் நீரே பத்து, கண்டல் காட்டில் வளர்வது, செந்நிறமானது, கல்லுப்போலக் கெட்டியானது. முகமூடிகளுக்கு மட்டும் இலேசான பூலாய் மரம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் வழிவழியாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மொயாங், அதாவது முன்னோர் ஆவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. மிகவும் பேர்பெற்றது சங்கிலியிட்ட புலி. ஒரே மரத்துண்டில் புலியையும் அதைச் சுற்றிய சங்கிலியையும் குடைகிறார்கள். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாக ஆடும். ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை. நம் கோயில்களில் கல்லில் சங்கிலி செதுக்கியிருப்பதைக் காட்டிப் பெருமைப்படுகிறோமே, காஞ்சிபுரம் வரதராசர் கோயில் மண்டபத்தின் மூலையில் தொங்குகிறதே, அதைப் பார்த்த கண்ணோடு சுங்கை பும்பூன் கிராமத்துக்குப் போங்கள். உளியைப் பிடித்த கையின் பொறுமை அங்கும் இங்கும் ஒன்றுதான் என்று தெரியும். விலை பேரம் பேசாதீர்கள். ஒரு சிற்பத்துக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது.

ஆண்கள் செதுக்குகிறார்கள், பெண்கள் பின்னுகிறார்கள். பண்டான் ஓலையில் பாயும் பையும், நீப்பா ஓலையில் திருவிழாவுக்கான தலையணியும் தோரணமும். தோரணம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காகச் சொன்ன சொல் அல்ல. மடித்து மடித்துத் தொங்கவிட்ட அந்த ஓலைப் பூக்களைப் பார்த்தால் நம் திருவிழாத் தென்னங்குருத்துத் தோரணத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்றே தோன்றும். உறவு இருக்கிறது என்று நான் நிறுவ வரவில்லை. ஓலை இருக்கும் நாட்டில் விரல்கள் ஒரே மாதிரி யோசிக்கும் போலிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில், ஹாரி மொயாங் என்னும் முன்னோர் நாள். ஆவி வீட்டின் முன்னால் சாம்பிராணிப் புகை, படையல், குடும்பம் குடும்பமாக வந்து வணங்குதல். பிறகு முகமூடி ஆட்டம். ஆண்கள் மர முகமூடியோடும் பெண்கள் ஓலை ஆடையோடும் மண்மேட்டைச் சுற்றி மெல்ல ஆடுவார்கள். மூங்கில் குழாயைத் தரையில் தட்டும் ஓசை, முழவு, கோங்கு, அதோடு ஒரு வயலின். வயலின் எப்படி வந்ததென்று கேட்டால், நம் கர்நாடக இசைக்கு எப்படி வந்ததோ அப்படித்தான், கப்பலில். இன்னொரு சடங்கு பூஜா பந்தாய், கடற்கரை வழிபாடு. நீர் வற்றிய நேரத்தில், சேற்றுவெளிக்கு நடுவே, பீடம் கட்டிப் படையல் வைத்து, கடலின் காவல் ஆவிகளுக்கு நன்றி சொல்கிறார்கள். கடல் திரும்பி வரத் தொடங்கும்போது சடங்கும் முடிகிறது. கோயிலுக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, நேரம் குறிப்பவர் சந்திரன். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன்.

அங்கே போனால் நீங்கள் விருந்தாளி. அது நமக்காக நடத்தும் நிகழ்ச்சி அல்ல. படையலுக்கு முன்னால் போய் நின்று தற்படம் எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்தும் பக்தர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் வெளியூர்க்காரரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? அதே கண்ணால் அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள்.

கேரித் தீவை விட்டுத் தெற்கே பந்திங் சாலையில் போகலாம். இரண்டு பக்கமும் பழைய தோட்டங்கள். 1941இல் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில்தான் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். தொரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மே மாதம் ராணுவம் வந்தது. சுட்டதில் ஐவர் இறந்தார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு என்ன கதை வேண்டும்?

ஜுக்ரா மலை அந்தச் சமவெளியில் தனியே எழுந்து நிற்கிறது. சுல்தான் அப்துல் சமாதின் காலத்தில் சிலாங்கூரின் அரசிருக்கை அங்கேதான். அவர் கல்லறையும் அம்மலையில் உள்ளது. பக்கத்துக் கம்போங் பண்டாரில் அவருக்கு அடுத்து வந்த சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா 1905 வாக்கில் கட்டிய அரண்மனை.  இன்னும் பழைய சங்கதி ஒன்று: பந்திங் பக்கம் கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் சேற்றுமண்ணுக்கடியில் ஒரு மரப்பலகைமேல் வைத்துப் புதைத்த இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. வடவியட்நாமின் டோங்சான் பண்பாட்டு வகை, இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழையவை. ராஜேந்திர சோழனின் படை 1025இல் கடாரம் வந்ததையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் ஓராயிரம் ஆண்டு முன்பே இந்தச் சேற்றுக்கரைக்குப் படகுகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

மோரிப்புக்கு வந்துவிட்டோம். இங்கே கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டனின் இந்தியப் படைகள் இங்கே வந்து இறங்கின. ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டது, ஆனாலும் திட்டம் போட்டபடியே இறங்கினார்கள். மேலே மெல்லிய மணல், அடியில் சேறு. வந்த வண்டிகள் பல கரையேற முடியாமல் அங்கேயே புதைந்தன, ஏறிவந்த ஓதம் அவற்றை மூழ்கடித்தது. எதிரி துப்பாக்கியோடு காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுதுகிறார்கள். உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வடக்கே ஒரு பயணம் தனியாகப் போக வேண்டும். கோல சிலாங்கூர். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்ட மலாவாத்திக் குன்றும், கலங்கரை விளக்கமும், ஆரஞ்சு நிறக் குட்டியை மார்பில் தொங்கவிட்டபடி வரும் சாம்பல் மந்திகளும் உண்டு. பகலில் அவற்றைப் பார்த்துவிட்டு இரவில் கம்போங் குவாந்தான் போங்கள். துடுப்புப் படகில் உட்கார்ந்தால் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து எரிந்து அணையும், வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. ஆண் பூச்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய் எரிவது பெண்ணை அழைக்க. ஒரு மரம் முழுக்க அப்படி எரியும்போது யாருக்கும் பேச்சு வராது. இதிலும் சேறு உண்டு. மின்மினியின் புழுப்பருவம் ஆற்றங்கரை ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரையைக் கல் கட்டி அழகுபடுத்தினால் மரம் மட்டும் நிற்கும், விளக்கு இருக்காது.

போகும் வழியில் காப்பார் மின்நிலையத்தைக் கடப்பீர்கள். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியாவரை போய்வரும் கரைப்பறவைகள் ஓதம் ஏறிச் சேற்றுவெளி மூழ்கியதும் அந்த மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் வந்து ஒதுங்குவதைப் பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கால் ஊன்றுவது அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

போர்ட் டிக்சனை நான் மறக்கவில்லை. மணல் வேண்டுமென்பவர்கள் போகட்டும், தடையில்லை. ஆனால் மார்ச்சு மாதம், அதன் பக்கத்திலுள்ள தஞ்சோங் துவானுக்குப் போங்கள். நீரிணை 40 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கும் இடம் அது. சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அங்கே கரையேறும். கடல்மேல் சூடான காற்றோட்டம் எழாது. அதனால் அவை இறகடித்தே கடந்து, களைத்து, கலங்கரை விளக்கத்தின் தலைக்குமேல் தாழப் பறந்து வரும். மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000ஆம் ஆண்டிலிருந்து அவற்றை எண்ணி வருகிறார்கள்.

இவ்வளவும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் எனக்குக் கவலைதான். கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் கட்டும் பேச்சு பல ஆண்டாக நடக்கிறது. துறைமுகம் வந்தால் வேலை வரும், அதை நான் எதிர்த்து முழங்கப் போவதில்லை. இப்போதுள்ள துறைமுகத்தில் நம் பிள்ளைகளே வேலை பார்க்கிறார்கள். ஆனால் பூஜா பந்தாய் நடக்கும் சேற்றுவெளியை எந்த வரைபடத்திலாவது ஒரு புள்ளியாகவாவது குறித்திருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவாகவே இழந்தன என்று பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கண்டலை வெட்டிவிட்டுக் கல் கொட்டுகிறவர்கள் அந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மக்கள் போய்ப் பார்க்காத கரையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். லங்காவிக்குப் பேச ஆள் இருக்கிறது. மோரிப்புக்கு யார் இருக்கிறார்கள்?

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்த அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை நாம் சிலர் கிள்ளான் துறைமுகம் வழியாக நண்டுத் தீவுக்கும், மறுநாள் கேரித் தீவுக்கும் போகிறோம். வழியில் கிள்ளான் பெருமாள் கோயிலில் நின்று, தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தை முடிவு செய்வோம், ஆகவே "எத்தனை மணிக்கு?" என்று இப்போதே கேட்காதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். காலில் இறுக்கமாக நிற்கும் பழைய சப்பாத்து போதும். தளர்ந்த செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டால் திருப்பித் தராது. வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் தம்பியிடம் பெயர் கொடுங்கள். வெள்ளை வேட்டியில் வருகிறவர்களுக்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்.